ஒரு ஓட்டை தள்ளி

போன மாதம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் பேசினார். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம். நான் ஒட்டிவைத்திருந்த விதிகளைக் கழற்றிவிட்டார்களாம். புதிதாக டைப் செய்து ஒட்டப் போகிறார்களாம்.

"ஏழு விதி இருக்கு சேர். ஆறு விளங்குது. நாலாவது விளங்கல்ல."

நாலாவது விதி: 'தள்ளி' என்ற சொல்லை இந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது.

"அதையும் டைப் பண்ணவா, விட்டுறவா?"

டைப் பண்ணுங்கள் என்றேன். காரணம் கேட்டார். போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்த வருடங்களின் டயரிகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே எழுதுகிறேன். டயரியில் இல்லாததை நினைவிலிருந்து எழுதுகிறேன். அப்படியான இடங்கள் குறைவு.

என் வேலைக்கு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நீளமான பெயர் ஒன்று உண்டு. தாய்மார் என்னைச் 'சப்பாத்து சேர்' என்றார்கள். பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடுவது என் வேலை. தோட்டங்களில் அதைக் கோணக்கால் என்பார்கள். கிரகணத்தில் கத்தி பிடித்ததால் வந்தது என்று மாமியார்கள் சொல்வார்கள். கிரகணமே இல்லாத வருடத்திலும் சொல்வார்கள்.

வைத்தியம் இப்படி. குழந்தை பிறந்து சில நாட்களில் தொடங்கி, வாரம் ஒரு முறை பாதத்தைக் கையால் சிறிது வெளிப்பக்கம் திருப்பி, அந்த நிலையில் பிளாஸ்டர் போடுவார்கள். ஐந்தாறு பிளாஸ்டரில் பாதம் நேராகும். குதிகாலுக்கு மேலே இழுத்துக்கொண்டு நிற்கும் தசைநாரை டொக்டர் சிறிதாக வெட்டிவிடுவார். பிறகு மூன்று வாரம் கடைசிப் பிளாஸ்டர். அது கழன்ற நிமிடத்தில் என் வேலை தொடங்கும். இரண்டு சின்னச் சப்பாத்து, இரண்டையும் இணைக்கும் ஒரு கம்பி. முதல் மூன்று மாதம் குளிப்பாட்டும் நேரம் தவிர இரவும் பகலும் போட வேண்டும். பிறகு நாலு வயது வரை தூங்கும்போது. பிளாஸ்டர் பாதத்தைத் திருப்பும். திரும்பிய பாதத்தைத் திரும்பவும் மடங்கவிடாமல் வைத்திருப்பது சப்பாத்து. கழற்றிவைத்தால் பாதம் பழைய இடத்துக்குப் போகும். சின்னக் குழந்தைக்கு அதற்கு அதிக நாள் தேவைப்படாது.

கழற்றிவைப்பதற்கு எங்கள் கிளினிக்கில் வந்த காரணங்களில் முதலாவது, குதிகாலில் கொப்புளம்.

நான் பதுளை டவுனில் பிறந்தவன். எங்கள் குடும்பத்துக்குப் பஜாரில் செருப்புக் கடை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கடையை எடுத்துக்கொண்டார்; நான் விண்ணப்பம் போட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கொழும்பில் பயிற்சி. அதில் பெரும்பகுதி பெரியவர்களின் செயற்கைக் கால்கள். குழந்தைச் சப்பாத்துக்குக் கடைசி இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இரண்டில் ஒரு வாரம் ஆசிரியர் லீவு. மீதியை இந்திராணி மிஸ்ஸிடம் கற்றேன்.

இந்திராணி மிஸ் எங்கள் கிளினிக்கின் பொறுப்பாளர். பிசியோதெரபிஸ்ட், வெலிமடைப் பக்கத்துச் சிங்களப் பெண், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருடைய தமிழ் கிளினிக்கில் வந்தது. தாய்மார் குழந்தைகளிடம் பேசுவதைக் கேட்டு வந்ததால் அதில் கொஞ்சல் மட்டுமே இருந்தது. ஒரு தடவை பேத்தியைத் தூக்கி வந்திருந்த, பெரிய மீசை வைத்த கங்காணி ஒருவரிடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "வாடா கண்ணு, இங்க உக்காரு, அழக் கூடாது" என்றார். கங்காணி உட்கார்ந்தார். அழவில்லை.

மிஸ் மூக்கால் பரிசோதிப்பார். குழந்தையின் காலுறையை, எங்கள் பேச்சில் மேஸை, கழற்றி, குதிகாலை மூக்கருகே தூக்கி, ஒரு மூச்சு. "தேங்காயெண்ணெய். இன்னைக்குக் காலையில" என்பார். தாய் மாமியாரைப் பார்ப்பாள். மாமியார் கூரையைப் பார்ப்பார். எண்ணெயும் களிம்பும் தோலை மென்மையாக்கும். மென்மையான தோல் சப்பாத்துக்குள் சீக்கிரம் உரியும். சிவந்த இடத்தில் எதையும் பூசக் கூடாது என்பது மிஸ்ஸின் முதல் விதி. மிஸ்ஸின் மூக்கு தவறிய சந்தர்ப்பம் என் டயரியில் ஒன்று இருக்கிறது. வேப்பெண்ணெய் என்றார். விசாரித்ததில், அது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் முழங்காலுக்குப் பூசியிருந்த தைலம்.

இரண்டாவது விதி மேஸ் பற்றியது. அப்புத்தளை, பெரகலப் பக்கத்திலிருந்து வரும் குழந்தைகளுக்குக் குளிருக்காகக் கம்பளி மேஸ் பின்னிப் போட்டிருப்பார்கள். சிலருக்கு அதற்குள்ளே இன்னொன்று. கம்பளிக்குள் குதிகால் சறுக்கும், வியர்க்கும். மெல்லிய பருத்தி மேஸ் ஒன்று போதும், தையல் விரலை உறுத்தாமல், சுருக்கமில்லாமல். மிஸ் கம்பளி மேஸ்களைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். கேட்டால் திருப்பிக் கொடுப்பார். யாரும் கேட்டதில்லை. லாச்சி நிறைந்ததும் வார்டுக்கு அனுப்புவோம்.

நான் சேர்ந்த முதல் வாரம் மிஸ் என்னிடம் ஒரு சோடி பழைய சப்பாத்தைக் கொடுத்தார். என் காலுக்கு ஒரு அளவு பெரிது. மேஸ் இல்லாமல், லேஸைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, கீழே கன்டீனுக்குப் போய்த் தேத்தண்ணி வாங்கி வரச் சொன்னார். எண்பத்துநாலு படி. வாங்கி வந்தேன். சீனி கூடிப்போச்சு என்றார். திரும்பவும் போனேன். மூன்றாவது தடவை பிஸ்கட். மேலே வந்தபோது வலது குதிகாலில் கொப்புளம் வந்திருந்தது. மிஸ் அதைப் பார்த்தார். "இறுக்கினதாலயா வந்திச்சு?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். "எழுதிக்கொள்" என்றார். பிஸ்கட்டை அவரே சாப்பிட்டார்.

டயரி எழுதும் பழக்கம் அன்று தொடங்கியது. முதல் வரி: தளர்ந்த சப்பாத்துத்தான் புண்ணாக்கும்.

இந்தத் தொழிலில் தலைகீழாகத் தோன்றும் விஷயம் இதுதான். குதிகால் சிவந்திருப்பதைப் பார்த்தால் பெற்ற மனம் பட்டியைத் தளர்த்தச் சொல்லும். தளர்த்தினால் குதிகால் சப்பாத்துக்குள் ஏறி இறங்கும். ஏறி இறங்கினால் உராயும். உராய்ந்தால் இன்னும் சிவக்கும். இன்னும் தளர்த்துவார்கள். ஆகவே போட்டுவிடும் முறையை ஒவ்வொரு தாய்க்கும் செய்துகாட்டி, பிறகு அவர்களைச் செய்யவைத்துப் பார்ப்போம்.

குழந்தைக்குப் பசி இருக்கக் கூடாது. முழங்காலை மடக்க வேண்டும். நீட்டிய காலில் குதிகால் இறங்காது. பாதத்தைப் பிடித்துத் தள்ளாமல், கெண்டைக்காலைப் பிடித்து, குதிகால் சப்பாத்தின் பின்சுவரிலும் அடியிலும் முட்டும்வரை இறக்க வேண்டும். சப்பாத்தின் நாக்கைக் கணுக்காலின் மடிப்பில் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். முதலில் நடுப் பட்டி. அதுதான் குதிகாலைப் பிடித்துவைக்கும் பட்டி. பிறகு மற்ற இரண்டும். சப்பாத்தின் பின்னால் சின்னத் துளை இருக்கிறது. அதன் வழியாகக் குதிகால் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி. கடைசியாகக் கெண்டைக்காலை மெதுவாக மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். பாதம் உள்ளே நகரக் கூடாது. முதல் சில நாள் அடிக்கடி கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு சற்று நேரத்தில் மறைந்தால் பயமில்லை. குதிகாலின் பின்பக்கம் கடும் சிவப்பாக இருந்து மறையாமல் நின்றால், பட்டி போதுமான இறுக்கத்தில் இல்லை.

இவ்வளவையும் சரியாகச் செய்துகாட்டிவிட்டு, கடைசியில் ஒரு வாக்கியம் சொல்வேன். "செவந்திருந்தா பயப்படாதீங்க, ஒரு ஓட்டை தள்ளிப் போடுங்க."

அது எங்கள் கடையின் வாக்கியம். வார்ச் செருப்பு லொடலொடவென்று இருக்கிறது என்று யாராவது திரும்பி வந்தால் அப்பா கல்லாவிலிருந்தபடி, "ஒரு ஓட்டை தள்ளிப் போடுங்க" என்பார். உள்பக்கம் தள்ளி, அதாவது இறுக்கி. வாங்க வந்தவருக்கும் அது தெரியும். செருப்பு கழன்று விழுகிறது என்றுதானே வந்திருக்கிறார். அந்தச் சொல்லுக்குத் திசை கிடையாது என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

நிரோஷா பெரகலவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். இருபத்துமூன்று வயது. கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை. மாதம் ஒரு முறை வருவார். குழந்தை கீர்த்தனா. இரண்டு காலும் மடங்கிப் பிறந்தவள். எந்தப் பிளாஸ்டருக்கும் நிரோஷா ஒரு நாள்கூடத் தவறவில்லை. எங்கள் கிளினிக் செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு செவ்வாயும் அவருக்குத் தோட்டத்தில் ஒரு நாள் பேர் விழாது, அந்த நாள் சம்பளமும் இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

கடைசிப் பிளாஸ்டர் கழன்ற செவ்வாய் நான் சப்பாத்துப் போட்டேன். நடுப் பட்டியில் ஐந்து ஓட்டை. மூன்றாவதில் போட்டேன். நிரோஷா இரண்டு தடவை போட்டுக்காட்டினார். கைப்பழக்கம் நன்றாக இருந்தது. கடைசியில் என் வாக்கியத்தைச் சொன்னேன். அன்றைய டயரி: 'விளக்கினேன். விளங்கியது என்றார்.'

அடுத்த செவ்வாய் வந்தபோது வலது குதிகால் சிவந்திருந்தது.

"ஒரு ஓட்டை தள்ளிப் போடலையா?"

"போட்டேன் சேர்."

"அப்ப இன்னும் ஒண்ணு தள்ளிப் போடுங்க."

"சரிங்க சேர்."

டயரி: 'மீண்டும் விளக்கினேன்.' எந்த ஓட்டையில் போட்டிருந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கச் சந்தர்ப்பமும் இல்லை. சப்பாத்து அவருடைய பைக்குள் இருந்தது. கம்பி மாட்டிய குழந்தையை மடியில் வைத்தால் பஸ்ஸில் இரண்டு பேருக்கான இடம் வேண்டும். போன வாரம் அந்தக் கம்பி பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியைத் தட்டிவிட்டதாம். அதனால் பஸ்ஸில் ஏறும்போது கழற்றிவிடுகிறார். இது எனக்குத் தெரியும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தோல் பட்டியில் எந்த ஓட்டையில் மடிப்புத் தடம் விழுந்திருக்கிறது என்று பார்த்திருக்கலாம். இரண்டு விநாடி வேலை. செய்யவில்லை.

மூன்றாவது செவ்வாய் கொப்புளம் உடைந்திருந்தது. வலது குதிகாலின் பின்பக்கம், சுண்டைக்காய் அளவு, தோல் போய்ச் சதை தெரிந்தது. மேஸில் ஒட்டியிருந்ததை மிஸ் உப்புத் தண்ணீரில் நனைத்து எடுத்தார். குழந்தை அழுத அழுகையில் வெளியே வரிசையில் இருந்த தாய்மார் பேச்சை நிறுத்தினார்கள்.

மிஸ் முகர்ந்தார். எண்ணெய் இல்லை. மேஸைப் பார்த்தார். பருத்தி, ஒன்று. சப்பாத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்து, பட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்புத் தடம் கடைசி ஓட்டையில் இருந்தது. வெளிக்கடைசி.

"கண்ணு," என்றார் நிரோஷாவிடம், "ஏன்டா இப்படி லூஸா போட்ட?"

நிரோஷா மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்கில் பிழை வந்த பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சேர்தான் மிஸ் தள்ளிப் போடச் சொன்னாரு. செவந்தா ஒரு ஓட்டை தள்ளிப் போடுன்னாரு. போட்டேன். அப்புறமும் செவந்துச்சு. இன்னும் ஒண்ணு தள்ளுன்னாரு. தள்ளுனேன்." மிஸ்ஸின் கையிலிருந்த பட்டியைத் தொட்டுக் காட்டினார். "இனித் தள்ள ஓட்டை இல்லைங்க சேர்."

மிஸ் அந்தச் சொல்லை அறிந்திருக்கவில்லை. குழந்தைகளிடம் யாரும் 'தள்ளிப் போடு' என்று சொல்வதில்லை. என்னிடம் சிங்களத்தில் அர்த்தம் கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். இறுக்கு என்றும் வரும், தளர்த்து என்றும் வரும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் வரும் என்றேன்.

"மூன்றுமா?"

"மூன்றும்."

மிஸ் சப்பாத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் கழுவினார்.

டொக்டர் வந்து பார்த்தார். இந்தப் புண்ணோடு சப்பாத்துப் போட முடியாது என்றார். புண் ஆறும்வரை உலர்ந்த கட்டு. ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் தாய் பாதத்தைக் கையால் வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். பத்து நாளில் மறுபடி பார்ப்போம்; அதற்குள் பாதம் மடங்கத் தொடங்கினால் பிளாஸ்டர் முதலிலிருந்து. நிரோஷா விரல்விட்டு எண்ணினார். பிளாஸ்டரைத்தான் எண்ணினார் என்று நினைக்கிறேன்.

"மறுபடி வெட்டுவாங்களா சேர்?"

"தெரியாது" என்றேன். அது உண்மை.

"என் தப்பா சேர்?"

"இல்லை. என்னுடையது." டயரியிலும் அப்படியே இருக்கிறது. அன்று அந்த ஒரு வரி மட்டும்.

கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் பத்தாவது நாள் வந்தார். புண் மூடியிருந்தது, புதுத் தோல், ரோஜா நிறம், மினுமினுப்பாக. மிஸ் கோணமானியை வைத்தார். பிளாஸ்டர் கழன்ற அன்று வலது பாதம் மேல்நோக்கி இருபது பாகை மடங்கியது. இப்போது பத்து. மிஸ் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் பத்து. அதற்குக் கீழே போயிருந்தால் பிளாஸ்டர் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"சப்பாத்து" என்றார் மிஸ்.

போட்டேன். பழைய தடம் இல்லாத புதுச் சோடி. இந்தத் தடவை வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. மிஸ் தன் கைப்பையைத் திறந்து சிவப்பு நகப்பூச்சுப் போத்தல் ஒன்றை எடுத்தார். அவர் நகம் பூசி இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை. நடுப் பட்டியின் மூன்றாவது ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஊதிக் காயவைத்தார். "கண்ணு, செவப்பு. செவப்பு மட்டும்" என்றார்.

"சரிங்க மிஸ்."

அடுத்த செவ்வாய் குதிகால் மறுபடி சிவந்திருந்தது. அந்தப் புதுத் தோலுக்கு மேலேயே. இன்னும் ஒரு வாரம் போனால் மறுபடி உடையும். மறுபடி பத்து நாள் என்றால் பத்து பாகை மிஞ்சாது. இதைக் கணக்குப் பார்க்க நாங்கள் யாரும் காகிதம் எடுக்கவில்லை.

நான் முதலில் பட்டியைப் பார்த்தேன். சிவப்பு வட்டத்தில் ஆழமான மடிப்புத் தடம். அதற்கு அடுத்த வெளி ஓட்டையில் இன்னொன்று, மெல்லியது. இரண்டு தடம்.

"நான் மாத்தவே இல்லைங்க சேர். சத்தியமா. செவப்புலதான் போட்டுட்டுக் காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போறேன். மத்தியானம் வந்து பாக்குறப்பவும் செவப்புலதான் இருக்கு."

"இடையில புள்ளை எங்க?"

"புள்ளைக் காம்பராவுல."

மிஸ் என்னைப் பார்த்தார். "போய்ப் பார்" என்றார். வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போனேன்.

பிள்ளைக் காம்பரா என்பது தாய்மார் மலையில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். தொழிற்சாலைக்குப் பின்னால், பச்சைக் கதவு. உள்ளே சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. அன்று பதினொரு குழந்தை. பார்த்துக்கொள்பவர் பாக்கியம் அக்கா, ஐம்பதைத் தாண்டியவர். இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்து, முழங்கால் கெட்ட பிறகு இங்கே மாற்றப்பட்டவர். நான் யாரென்று சொன்னேன். ஒரு பலகை போட்டு உட்காரச் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தார்.

ஒன்பது நாற்பதுக்குக் கீர்த்தனா அழத் தொடங்கினாள். பாக்கியம் அக்கா அவளைத் தூக்கி மடியில் கிடத்தி, எனக்கு முன்னாலேயே, நடுப் பட்டியை ஒரு ஓட்டை தளர்த்தினார். குழந்தை அழுகையை நிறுத்தியது.

"அக்கா, அதைத் தளர்த்தக் கூடாது."

"சேர் உக்காந்திருக்காருன்னு புள்ளைய வதைக்க முடியுமா? நீங்க போயிருவீங்க. இது ஒண்ணு அழுதா பதினொண்ணும் அழுவும்."

"மத்தியானம் திரும்ப இறுக்கிடுறீங்களா?"

"பின்ன? அவ வந்தா என்னய வைவா."

நான் விளக்கினேன். எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் விளக்கினேன். குதிகால் ஏறி இறங்குவதைக் கையால் காட்டினேன். துளையைக் காட்டினேன். அதற்குள் குதிகால் தெரியவில்லை என்று காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"சேர், நீங்க படிச்சவரு. ஆனா இறுக்கினாத்தானே புண்ணு வரும்? தளத்தினா எப்படி வரும்? கட்டிப்போட்ட ஆட்டைப் பாத்ததில்லையா நீங்க?"

பார்த்திருக்கிறேன் என்றேன்.

"அதோட கழுத்தைப் பாத்தீங்களா?"

என் படிப்பும் டயரியும் எண்பத்துநாலு படியும் அந்த ஆட்டுக்கு முன்னால் நிற்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன். பன்னிரண்டு மணிவரை அங்கே இருந்தேன். அதற்குள் பட்டியை நான் இரண்டு தடவை இறுக்கினேன். அக்கா இரண்டு தடவை தளர்த்தினார். இருவரும் மரியாதையாகவே செய்தோம்.

மத்தியானக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நிரோஷா பாலூட்ட வந்தார். வெறும் கூடை முதுகில், அதன் கயிறு உச்சந்தலையில், கயிற்றுக்கடியில் மடித்த துணி. வாசலிலேயே பட்டியைப் பார்த்துவிட்டார். அன்று அக்காவுக்கு இறுக்கி வைக்க நேரம் கிடைக்கவில்லை.

"அக்கா! நீங்களா?"

"புள்ளை அழுதுச்சுடி. எனக்கு மனசு கேக்கல. கல்லு மனசுக்காரி நீ, போட்டுட்டுப் போயிர்ற."

நிரோஷா கூடையை இறக்கவில்லை. அப்படியே நின்றார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். கூடைக் கவுறு தளந்து போச்சுன்னா மண்டை என்ன ஆவும்?"

"என்ன ஆவும், முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும். தோல் உரிஞ்சுரும்."

"இறுக்கமா, அசையாம இருந்தா?"

அக்காவின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. வகிட்டுக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு அங்கே முடி கிடையாது. கொழுந்து பறித்த பெண்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான். நான் கிளினிக்கில் ஆயிரம் தலைகளைக் குனிந்த நிலையில் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அது என்னவென்று கேட்டதில்லை.

"புதுசா மலைக்குப் போன வருசம்," என்றார் அக்கா மெதுவாக, "கவுறு கட்டத் தெரியாம தளத்திக் கட்டி, சீழ் வச்சிருச்சு எனக்கு. எங்க கங்காணியம்மாதான் இழுத்துக் கட்டி விட்டாங்க."

"அதேதான் இது. அவ குதிகாலுக்கு."

அக்கா கீழே உட்கார்ந்தார். குழந்தையின் முழங்காலை மடக்கி, குதிகாலை இறக்கி, நடுப் பட்டியைச் சிவப்பு வட்டத்துக்கு இழுத்தார். இருபத்தைந்து வருடம் கூடைக் கயிறு கட்டிய கை. நான் துளை வழியாகப் பார்த்தேன். குதிகால் தெரிந்தது. கெண்டைக்காலை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

கீர்த்தனா ஆறு நிமிடம் அழுதாள். மற்றப் பத்தும் சேர்ந்துகொண்டன. கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டிப் பழக்கினால் குழந்தை ஒற்றைக் காலால் உதைப்பதை விட்டுவிடும் என்று செய்துகாட்டினேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொழுந்தை நிறுத்து ஈரத்துக்கு எடை கழிப்பவரின் குரலில், "ஒண்ணு, ரெண்டு, மூணு... தண்ணிக்குக் கழிச்சாச்சு!" என்று சத்தம் போட்டார். ஏழாவது நிமிடம் அழுகை நின்றது. பதினொன்றும் நின்றதற்கு நேரம் குறிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் சிவப்பு மங்கியிருந்தது. அதற்கடுத்த செவ்வாய் இல்லை. கோணம் பதினைந்து. மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். கூடைக் கயிறு என்பதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மிஸ் கேட்டுவிட்டு விதிகள் எழுதிய தாளை எடுத்து என்னிடம் தந்தார். நாலாவது விதியை நானே எழுதினேன். சிவப்பு மையில். அதற்குப் பிறகு தோட்டத்துத் தாய்மாரிடம் 'கூடைக் கயிறு மாதிரி' என்றே சொன்னேன். பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துத் தாய் ஒருவரிடமும் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். "என்ன கூடை?" என்றார். அவருக்கு, அளவு பெரிதான பள்ளிக்கூடச் சப்பாத்து குதிகாலைக் கடிப்பதைச் சொன்னேன். ஆகவே விதியில் கயிறைச் சேர்க்கவில்லை. எதைச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் எழுதினேன்.

இந்திராணி மிஸ் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். போகும் நாளில் நகப்பூச்சுப் போத்தலை என் மேசையில் வைத்தார். பாதி காலி.

கீர்த்தனாவின் கடைசி கிளினிக், நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு. நாலு வயது முடிந்திருந்தது. அன்று மழை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தாய்க்கு முன்னால் நடந்தே உள்ளே வந்தாள். வலது குதிகாலின் பின்பக்கம் சிறிய வெள்ளைத் தழும்பு. அதை நான் பார்த்தேன். நிரோஷாவும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

கடைசிப் பரிசோதனை எளிது. குழந்தையைக் குந்தச் சொல்வோம். குந்தும்போது குதிகால் தரையிலிருந்து எழும்பினால் பாதம் மடங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறுபடி பிளாஸ்டர், சில நேரம் கத்தி. கண்ணால் பார்ப்பது போதாது என்பதால் குதிகாலுக்கடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்ப்பேன். அன்று கையில் வேறு காகிதம் இல்லை. டயரியைத் தரையில் விரித்து, அன்றைய பக்கத்தின் ஓரத்தைச் செருகினேன்.

கீர்த்தனா குந்தினாள். இடது குதிகால்: காகிதம் போகவில்லை. வலது குதிகால்: போகவில்லை. வேறு பக்கத்திலிருந்து முயன்றேன். போகவில்லை.

"இன்னும் போடணுமா சேர் சப்பாத்து?"

"வேண்டாம். முடிஞ்சுது."

நிரோஷா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் கீர்த்தனா எழுந்து, விரித்திருந்த டயரியில் ஏறி நின்றுவிட்டாள். செம்மண் ஈரத்தோடு, இரண்டு காலும்.

"அடியே! சேரு புத்தகத்த மிதிக்கிற! எறங்கு, தொட்டுக் கண்ணுல ஒத்திக்க!"

குழந்தை பயந்து என்னைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கினாள்.

"மிதிக்கட்டும்" என்றேன். "குதிகாலும் படட்டும்."

பட்டது. அன்றைய பக்கத்தில் நான் வேறெதுவும் எழுதவில்லை.